ஆழ்கடல் மயக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே 2002ஆம் ஆண்டு முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் சயின்டிபிக் எக்ஸ்ப்ளோரேஷன் சொசைட்டியும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில் இடிந்த சுவர்களும் செதுக்கிய கற்களும் தென்பட்டன. கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற பலருக்கும் உண்டு. ஸ்கூபா பழக வருகிறவர்கள் கூடவே சில தவறான நம்பிக்கைகளையும் கொண்டுவருகிறார்கள். ஆழத்தில் மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கத்தைப் பற்றியவை அவற்றுள் ஆபத்தானவை.

நம்பிக்கை: முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர். நைட்ரஜன் எங்கிருந்து வரும்?

உண்மை: பொழுதுபோக்கு ஸ்கூபாவில் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். அதை வடிகட்டி, அழுத்தி அடைத்திருப்பார்கள். அதில் 78 சதவீதம் நைட்ரஜன். சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டரில் அது கரையில் இருப்பதைப் போல 4 மடங்கு. ஒவ்வொரு மூச்சிலும் 4 மடங்கு நைட்ரஜன் உள்ளே போய் நரம்பு மண்டலத்தில் கரைந்து, மூளையின் வேலையை மந்தமாக்குகிறது. மயக்கத்துக்குக் காரணம் நைட்ரஜன்தான் என்று அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய சகாக்களும் 1935லேயே விளக்கினார்கள்.

நம்பிக்கை: மாமல்லபுரம் கடலில் இறங்கினாலே இந்த மயக்கம் வரும்.

உண்மை: 2002 ஆய்வு நடந்த இடத்தின் ஆழம் 5 முதல் 8 மீட்டர்தான். அங்கே கவலைப்பட வேண்டியவை அலையும் நீரோட்டமும் கலங்கல் நீரும். நைட்ரஜன் மயக்கத்தைப் பலர் தெளிவாக உணரத் தொடங்குவது 30 மீட்டர் வாக்கில். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் நன்றாக நீந்திப் பழகிய துணிச்சலோடு, அந்தமானிலோ வேறெங்கோ நேராக 30 மீட்டருக்கு இறங்குவது தவறு. தொடக்கப் பயிற்சி முடித்தவருக்கு எல்லை 18 மீட்டர். அடுத்த நிலைக்கு 30. தனிப் பயிற்சி பெற்றவருக்கும் பொழுதுபோக்கு டைவிங்கில் 40 மீட்டரோடு சரி.

நம்பிக்கை: அது ஓர் இன்ப போதை. அனுபவித்துப் பார்க்கலாம்.

உண்மை: பிரெஞ்சு முக்குளிப்பாளர் ஜாக் கூஸ்தோ இதை ஆழத்தின் போதை என்று எழுதியதிலிருந்து இந்தக் கவர்ச்சி ஒட்டிக்கொண்டது. அவருடைய குழுவைச் சேர்ந்த மொரிஸ் ஃபார்க் 1947இல் காற்றைச் சுவாசித்தபடி ஆழ எல்லையைச் சோதிக்க இறங்கினார். சுமார் 120 மீட்டரில் தொங்கிய பலகையில் கையெழுத்திட்டார். உயிரோடு திரும்பவில்லை. மேலும், எல்லாருக்கும் இன்பமாகவே இருக்கும் என்பதும் இல்லை. சிலரைக் காரணமில்லாத பயம் பிடிக்கும். சிலர் ஒரே மீனைப் பார்த்துக்கொண்டு, காற்றழுத்தமானியைப் பார்க்கவே மறந்துவிடுவார்கள். 30 மீட்டரில் சிலிண்டர் காற்று கரையில் தீர்வதைவிட 4 மடங்கு வேகமாகத் தீரும்போது அந்த மறதி உயிரைக் கேட்கும்.

நம்பிக்கை: பழகியவருக்கு வராது. நம் முத்துக்குளிப்போருக்கு வந்ததா?

உண்மை: மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் நீருக்கு மேலே இழுத்த ஒரே மூச்சோடு, பெரும்பாலும் 20 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மேலே வந்தார்கள். சிலிண்டர் காற்றை ஆழத்தில் தொடர்ந்து சுவாசிப்பவரின் நிலை வேறு. அனுபவசாலிக்குத் தடுமாற்றம் குறைந்ததுபோலத் தோன்றலாம். ஆனால் கணக்குப் போடச் சொன்னால் அவரும் தாமதிப்பார், பிழை செய்வார். களைப்பு, குளிர், பதற்றம், மூச்சிரைக்க நீந்துவது, முந்தைய இரவின் மது ஆகியவை மயக்கத்தைக் கூட்டும்.

நம்பிக்கை: நைட்ராக்ஸ் நிரப்பிக்கொண்டால் மயக்கம் வராது.

உண்மை: நைட்ராக்ஸில் நைட்ரஜன் குறைவு, ஆக்சிஜன் அதிகம். உடலில் சேரும் நைட்ரஜனைக் குறைக்க அது உதவும். ஆனால் ஆக்சிஜனும் அழுத்தத்தில் மயக்கக்கூடியது என்றே கருதப்படுவதால், மயக்கத்துக்கு அதைக் காப்பாக நம்ப முடியாது. 32 சதவீத ஆக்சிஜன் கலவையோடு சுமார் 33 மீட்டருக்குக் கீழே போவதும் கூடாது. மயக்கத்தை உண்மையில் குறைப்பது ஹீலியம். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. அந்த ஆழத்துக்குத் தனிப் பயிற்சியும் ஹீலியம் சேர்ந்த கலவையும் தேவை.

நம்பிக்கை: மயக்கம் வந்தால் நமக்கே தெரிந்துவிடும்.

உண்மை: எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மயக்கம் முதலில் கெடுப்பதே, மயங்குகிறோம் என்று கண்டுகொள்ளும் அறிவைத்தான். இத்தனைக்கும் மருந்து மிக எளிது: சில மீட்டர் மெதுவாக மேலே ஏறினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூளை தெளியும். பெண்ட்ஸ் எனப்படும் அழுத்தநீக்க நோய் அப்படியல்ல. அது வேகமாக மேலே வருவதாலும் ஆழத்தில் அதிக நேரம் இருப்பதாலும் வருவது. அதற்கு மருத்துவமனையில் அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும். அவசரமாக மேலே பாய்வதால் ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

ஆகவே எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது திரும்புவது என்பதையெல்லாம் படகிலேயே முடிவு செய்யுங்கள். கீழே போனபின் அந்த முடிவை மாற்றாதீர்கள். மெதுவாக இறங்குங்கள், அழுத்தமானியையும் கூட்டாளியின் முகத்தையும் அடிக்கடி பாருங்கள். மேலே போகலாம் என்று அவர் சைகை காட்டினால் காரணம் கேட்காமல் கூடவே ஏறுங்கள். காரணத்தைப் படகில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.