பால்வாடியில் படிப்பு உண்டா?

“பால்வாடி, அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை விட்டுட்டுப் போற இடம். படிப்பெல்லாம் எல்.கே.ஜி.யிலதான்.”

குன்னூர், கூடலூர் எஸ்டேட் லைன்களில் இப்படி நினைப்பவர்கள் நிறைய. அதற்குக் காரணமும் உண்டு. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் எஸ்டேட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தாயின் வேலைநேரத்துக்காக வந்த ஏற்பாடு அது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிள்ளைக்காகவே வந்தது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது இவற்றோடு மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தருவதும், பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியின் கடமை. தமிழ்நாட்டில் அதற்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது.

“ஆடிப்பாடினா படிப்பாகுமா? மூணு வயசுலேயே எழுதப் பழகணும்.”

இந்த நம்பிக்கைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு. மூன்று வயதிலும் பெரும்பாலானவை எலும்பாக இறுகியிருப்பதில்லை. கடைசி எலும்பு இறுக எட்டு வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ‘அ’வைப் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது வலியும் வெறுப்பும்தான். களிமண் உருட்டும்போதும் மணி கோர்க்கும்போதும் அதே விரல்கள் எழுத்துக்குத் தயாராகின்றன. சிறிய இலை, பெரிய இலை என்று பிரித்து அடுக்கும் பிள்ளை கணக்குக்குள் நுழைந்துவிட்டது. ஊஞ்சலுக்குத் தன் முறை வரும்வரை பொறுத்திருப்பதும் படிப்புதான். இத்தகைய முன்பருவக் கல்வி பின்னாளில் எவ்வளவு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வு, 123 ஏழைப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தது. முன்பருவப் பள்ளி செல்லாதவர்களைவிடச் சென்றவர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த கூடுதல் மதிப்பெண் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல சம்பளம் வாங்கியவர்களும் சென்றவர்களிடையேதான் அதிகம். இந்தியாவிலும், 2022இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டம் மூன்று முதல் ஆறு வயது வரை பாடப்புத்தகமே வேண்டாம் என்கிறது.

“வீட்டுல படுகு பேசினா இங்கிலீஷ் வராது.”

1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியைப் போன்ற ஆங்கிலப் பள்ளிகளைத் தலைமுறைகளாகப் பார்த்துவரும் மலை இது. பெற்றோரின் ஆங்கில ஆசை நியாயமானது. அதற்காக வீட்டு மொழியின் வாயை அடைக்க வேண்டியதில்லை. படுகானாலும், கோத்தர், தோடர், இருளர், பணியர் பேசும் மொழிகளில் எதுவானாலும், கேட்ட கதையைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அடுத்த மொழியில் சொற்களைக் கற்றால் போதும். கதை என்றால் என்ன என்பதை மறுபடி கற்க வேண்டாம். அதே கலைத்திட்டமும் எட்டு வயது வரை வீட்டு மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. மாலையில் பிள்ளையை அழைத்துவரும்போது, “இன்னைக்கு என்ன எழுதின?” என்பதற்குப் பதிலாக, “இன்னைக்கு என்ன கதை கேட்ட?” என்று உங்கள் மொழியிலேயே கேளுங்கள். டீச்சரிடமும் அதையே விசாரியுங்கள்.