மூச்சுக் குழாயின் மௌனக் காவலர்கள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

காய்கறிகளைக் கழுவிச் சமைக்கிறோம். நீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆனால் காற்றைக் கழுவிச் சுவாசிக்க முடியுமோ? வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அதனோடு தூசியும் புகையும் நுண்கிருமிகளும் உள்ளே செல்கின்றன. ஆயினும் நாம் நாள்தோறும் நோயுறுவதில்லை. ஏன்?

மூச்சுக் குழாயின் உட்சுவரில் சளிப்படலம் பரவியுள்ளது. அதில் ஒட்டும் தூசியைக் குற்றிழைகள் எனப்படும் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் மேல்நோக்கித் தள்ளிவிடுகின்றன. இவற்றுக்குத் தப்பி நுரையீரலின் காற்றறைகளை அடையும் கிருமிகளை விழுங்குவதற்குப் பெருவிழுங்கணுக்கள் காத்திருக்கின்றன. அணுக்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து தாக்குவதை முதன்முதலாக விளக்கியவர் ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். அவர் 1882ஆம் ஆண்டு நட்சத்திர மீனின் இளம் உயிரியில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நலமுள்ள குழந்தையின் காற்றறைகளில் இக்காவலர்கள் எத்தனை பேர்? ஆராய்வது எளிதன்று. மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் செலுத்தி, உப்பு நீர் விட்டு உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் அணுக்களை எண்ண வேண்டும். நோயில்லாத குழந்தையை இதற்காக மட்டும் மயக்கத்தில் ஆழ்த்துவது நியாயமாகுமா? எனவே வேறு சிறு அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து பெற்ற குழந்தைகளிடம், பெற்றோரின் சம்மதத்துடன் இச்சோதனைகள் நடத்தப்பட்டன.

அவற்றில் தெரிந்தது இதுதான்: நூறு அணுக்களில் 80 முதல் 90 வரை பெருவிழுங்கணுக்கள், சுமார் 10 லிம்போசைட்டுகள், நியூட்ரோபில்கள் சிலவே, இயோசினோபில்கள் பொதுவாக ஒன்றுகூட இரா. ஆகவே நலம் என்பது காவலரே இல்லாத நிலையன்று. காவலர் அளவோடும் அமைதியோடும் இருக்கும் நிலையாகும்.

கிருமி நுழைந்தால் நியூட்ரோபில்கள் படையாகத் திரளுகின்றன. ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் இயோசினோபில்கள் பெருகுகின்றன. குழாயின் சுவர் வீங்கிச் சளி மிகுகிறது. இதுவே அழற்சி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மைக் காக்கும் அணுக்களுக்கும் பொருந்துகிறது!

இதை அறிய இன்று எளிய வழி ஒன்றும் உண்டு. நம் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு மிகச் சிறிதளவு வெளிவருகிறது. இயோசினோபில் வகை அழற்சியில் இதன் அளவு கூடுகிறது. குழந்தை ஒரு கருவியில் ஊதினால் போதும். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. 2011இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 12 வயதுக்குட்பட்டோரின் மூச்சில் நூறு கோடிப் பங்குக்கு 20 பங்குக்குக் குறைவாக இருந்தால் இவ்வகை அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 35க்கு மேற்பட்டால் வாய்ப்பு மிகுதி. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு மருத்துவர் முடிவு செய்வதில்லை. ஆஸ்துமா இல்லாமல் ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களுக்கும் இது கூடலாம்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று தோழியர் கேட்கலாம். நலத்தின் அளவு தெரிந்தால்தான் நோயின் அளவு தெரியும். இளைப்பு நின்ற பின்னும் உள்ளே அழற்சி தணியாமல் இருக்கக்கூடும். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்’ என்று, மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை நாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்து. விளையாட்டு மைதானத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் தோழியைச் ‘சோம்பேறி’ என்று கேலி செய்வதும் தவறு. அவள் மூச்சுக் குழாயின் உட்சுவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா?

பீடி, சிகரெட் புகையும் அடுப்புப் புகையும் குழந்தைகளின் மூச்சுக் குழாயைப் புண்படுத்துகின்றன. இவற்றைக் குழந்தைகள் அருகே அண்டவிடாமல் காப்பது பெரியோர் கடமை. நமக்காக ஓய்வின்றி உழைக்கும் அந்த மௌனக் காவலர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அதுவே.