முரண்டு பிடிக்கும் ஹைட்ராலிக் கப்ளர்: யாருக்கு எந்த வழி?

டிப்பர் டிரெய்லர், ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பை, முன்பக்க லோடர் என்று எதை வைத்திருப்பவருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். நேற்று மாலை சுலபமாகக் கழன்ற ஹோஸ், இன்று மதியம் எவ்வளவு அழுத்தினாலும் டிராக்டரின் கப்ளருக்குள் போகாது. வேலை காத்திருக்கும், ஆள் கூலி ஓடிக்கொண்டிருக்கும், உடனே கை சுத்தியலைத் தேடும். அந்த இடத்தில்தான் கப்ளரும் கெடுகிறது, கையும் காயப்படுகிறது.

உள்ளே அடைபட்ட ஆயிலுக்கு வெளியேற வழி கிடைத்துவிட்டால் அதே கப்ளர் ஒரு கை அழுத்தத்தில் போய் உட்காரும். ஆகவே சந்தையில் கிடைக்கும் சாமான் ஆனாலும், பட்டறையில் சொல்லும் உபாயம் ஆனாலும், ஒரே கேள்வியைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்: இது ஆயிலுக்குப் பாதுகாப்பான வழி விடுகிறதா?

ஏன் உள்ளே போக மறுக்கிறது?

ஹோஸ் நுனியில் இருப்பது ஆண் கப்ளர், டிராக்டரின் பின்புறம் இருப்பது பெண் கப்ளர். இரண்டுக்குள்ளும் ஸ்பிரிங் தாங்கிய சின்ன வால்வ் உண்டு. மாட்டும்போது இரு வால்வுகளும் ஒன்றையொன்று பின்னுக்குத் தள்ளி ஆயிலுக்கு வழி திறக்கும். கழற்றினால் இரண்டும் மூடிக்கொள்ளும்.

வால்வுக்குப் பின்னால் அழுத்தம் தேங்கிவிட்டால், ஸ்பிரிங்கோடு சேர்த்து அந்த அழுத்தத்தையும் நீங்கள் தள்ள வேண்டும். வால்வின் முகம் ஒரு சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 பார் அழுத்தத்தில் அதன் மேல் சுமார் 100 கிலோ எடை நிற்கிறது. இதைக் கையால் தள்ள முடியாது.

கழற்றும்போது கருவியின் எடை சிலிண்டர் மேல் இருந்தால் அந்த அழுத்தம் ஹோஸுக்குள் அப்படியே தங்கிவிடும். வெயிலும் இன்னொரு காரணம். ஆயில் 10 டிகிரி சூடேறினால் அதன் கன அளவு ஏறக்குறைய 0.7 சதவீதம் கூடும். இரு முனையும் மூடிய குழாய்க்குள் பெருக இடம் இல்லாததால் அது அழுத்தமாக மாறும். காலையில் போன கப்ளர் உச்சி வெயிலில் போகாததன் ரகசியம் இதுதான்.

முதலில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடியுங்கள்

அழுத்தம் டிராக்டர் பக்கமா, கருவியின் ஹோஸ் பக்கமா? வேறொரு கருவியின் ஹோஸையோ, பின்பக்கம் அடைத்த உதிரி ஆண் கப்ளரையோ டிராக்டரில் மாட்டிப் பாருங்கள். அது சுலபமாகப் போனால் டிராக்டர் பக்கம் சரி. சிக்கல் ஹோஸில் இருக்கிறது. அதுவும் போகாவிட்டால் டிராக்டர் பக்கத்தைப் பாருங்கள்.

உள்ளே போகிறது, ஆனால் பூட்டவில்லை என்றால் அது அழுத்தப் பிரச்சினை இல்லை. பெண் கப்ளரின் வளையத்துக்குள் மண் அடைந்திருக்கலாம், பூட்டும் குண்டுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கப்ளரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் தளர்ந்திருக்கலாம். தள்ளினால் தானே பூட்டும் வகைக் கப்ளர், வெளி வளையம் பிராக்கெட்டில் உறுதியாக நின்றால்தான் வேலை செய்யும். ஜோடி பொருந்தாமலும் இருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 7241 தரத்திலேயே ஏ, பி என்று ஒன்றோடொன்று சேராத இரு வகைகள் உண்டு. வாடகைக்கு எடுத்த கருவியில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வழி 1: லிவரை ஆட்டுவது

செலவு இல்லாதது, எப்போதும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஹைட்ராலிக் லிவரை இரு பக்கமும் முழுதாகச் சில முறை தள்ளுங்கள். டிராக்டர் பக்கம் தேங்கிய அழுத்தம் டேங்குக்குத் திரும்பிவிடும். மின்சாரத்தில் இயங்கும் வால்வ் உள்ள புதிய மாடல்களில் சாவி ஆனில் இருக்க வேண்டியிருக்கும், கையேட்டைப் பாருங்கள்.

இதன் வரம்பு ஒன்றுதான்: கழன்று கிடக்கும் ஹோஸுக்குள் அடைபட்ட அழுத்தத்தை லிவர் தொடவே தொடாது. லிவரை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போகிறவர்கள் பெரும்பாலும் தவறான பக்கத்தில் பாடுபடுகிறவர்களே.

வழி 2: நட்டைத் தளர்த்துவது

ஹோஸ் பக்கம் அழுத்தம் இருந்து, கையில் இரண்டு ஸ்பேனர் மட்டும் இருந்தால் இது நம்பகமான வழி. கருவி முழுதாகத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிப்பரின் பெட்டி சேஸிஸ் மேல் படிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்பேனரால் ஆண் கப்ளரை அசையாமல் பிடித்து, மற்றதால் ஹோஸ் நட்டைத் துளித்துளியாகத் திருப்புங்கள். இணைப்பின் மேல் பனியன் வேஸ்ட்டைக் கனமாகச் சுற்றியிருக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆயில் கசியத் தொடங்கியதும் நிறுத்துங்கள், மேலும் திருப்ப வேண்டாம். கசிவு நின்றதும் நட்டை இறுக்கிவிட்டு மாட்டுங்கள். டௌட்டி வாஷர் போட்ட இணைப்பானால் வாஷரின் ரப்பர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போதோ ஒருமுறை என்றால் இது போதும். தினமும் செய்தால் மரை தேயும், ஆயில் வீணாகும், மண் உள்ளே போகும். தூக்கிய நிலையில் இருக்கும் டிப்பரிலோ லோடரிலோ இதை ஒருபோதும் செய்யக் கூடாது. நட்டு தளர்ந்தால் மொத்த எடையும் கீழே வந்துவிடும்.

வழி 3: மரக்கட்டையில் தட்டுவது

ஊரெங்கும் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன், பரிந்துரைக்கவில்லை. வால்வின் மூக்கைக் கட்டையில் குத்தினாலோ சுத்தியலால் தட்டினாலோ ஆயில் பீய்ச்சி அடித்து அழுத்தம் குறையும். ஆனால் மூக்கு வளைந்தால் வால்வ் சரியாக உட்காராது, பிறகு நிரந்தரக் கசிவுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பீய்ச்சல். அதிக அழுத்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கினால் விரலையே இழக்க நேரிடும். அப்படி நடந்தால் காத்திருக்காமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வழி 4: அழுத்தம் விடும் கருவி

பெண் கப்ளரைப் போன்ற உடலும், பின்னால் திருகும் கைப்பிடியும் கொண்ட சின்ன சாமான் இது. ஹோஸ் நுனியில் பூட்டி, கைப்பிடியைத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு வால்வை மெதுவாகத் தள்ளும். ஆயில் பக்கத் துளை வழியாக டப்பாவில் இறங்கும். ஸ்பேனர் வேண்டாம், மரை தேயாது, பீய்ச்சலும் இல்லை. உங்கள் கப்ளரின் அளவும் வகையும் பார்த்து வாங்க வேண்டும். டிராக்டர்களில் பரவலாக இருப்பது அரை இஞ்ச். பல கருவிகளைப் பல டிராக்டர்களில் மாற்றி மாற்றி மாட்டுகிறவருக்கு அதே அளவும் வகையும் கொண்ட எல்லா ஹோஸுக்கும் இந்த ஒரு சாமானே உதவும் என்பது இதன் பலம்.

வழி 5: அழுத்தத்தோடு மாட்டும் கப்ளர்

இதில் பெரிய வால்வுக்குள் ஒரு குட்டி வால்வ் இருக்கும். தள்ளும்போது குட்டி முதலில் திறந்து அழுத்தத்தைத் தணிக்கும். பிறகு பெரியது எளிதாக நகரும். ஹோஸ் நுனியின் ஆண் கப்ளரை மட்டும் மாற்றினாலே போதும் என்பதால் அந்த ஒரு கருவிக்கு நிரந்தரத் தீர்வு. விலை சாதாரண கப்ளரைவிடக் கூடுதல். எத்தனை பார் வரை தாங்கி மாட்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் தேங்கும் அழுத்தத்துக்காகச் செய்தது இது. தூக்கிய பாரத்தை இறக்கும் உபாயமாக இதை நினைக்கக் கூடாது.

வழி 6: ஃபிளாட் ஃபேஸ், மல்டி கப்ளர்

ஐ.எஸ்.ஓ. 16028 வகை ஃபிளாட் ஃபேஸ் கப்ளரின் முகம் தட்டையாக இருக்கும். துணியால் ஒரு துடைப்பில் சுத்தமாகும், கழற்றும்போது ஆயில் சிந்துவது மிகக் குறைவு. ஆனால் சாதாரண ஃபிளாட் ஃபேஸும் தேங்கிய அழுத்தத்தில் முரண்டு பிடிக்கவே செய்யும். தூசிக்காக வாங்கலாம், அழுத்தத்துக்காக வாங்குவதானால் அழுத்தத்தோடு மாட்டும் வசதி அதில் உண்டா என்று பாருங்கள். இரு பக்கக் கப்ளரையும் மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மல்டி கப்ளரில் நான்கைந்து ஹோஸ்கள் ஒரே பலகையில் இருக்கும், ஒரு கைப்பிடியை மடக்கினால் எல்லாம் சேர்ந்து பூட்டும். லோடரை அடிக்கடி கழற்றி மாட்டுகிறவருக்கு ஹோஸ் மாறிப்போகும் குழப்பமும் தீரும். ஒற்றை ஹோஸ் டிப்பருக்கு இது வீண் செலவு.

யாருக்கு எது?

- ஒரு டிராக்டர், ஒரு டிப்பர், எப்போதாவது தொல்லை: வழி 1, தேவைப்பட்டால் வழி 2.
- வாடகைக்கு ஓட்டுபவர், பல கருவிகள்: வழி 4-இன் கருவியை டூல் பாக்ஸிலேயே வைத்திருங்கள்.
- ஒரே கருவி வெயிலில் நின்று தினமும் முரண்டு பிடிக்கிறது: வழி 5.
- லோடரைக் கழற்றி மாட்டுவதே அன்றாட வேலை: மல்டி கப்ளர்.
- கப்ளர் உள்ளே போகிறது, பூட்டவில்லை: முதலில் டீசலில் கழுவி, இரண்டு சொட்டு ஹைட்ராலிக் ஆயில் விட்டுப் பாருங்கள். பிராக்கெட்டை இறுக்கியும் தீராவிட்டால் பெண் கப்ளரை மாற்றுங்கள்.

எந்த வழியில் மாட்டினாலும் ஹோஸைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரைகுறையாக மாட்டியிருந்தால், ஆயில் போகும் திசையில் திறந்திருந்த வால்வ், திரும்பி வரும்போது மூடிக்கொள்ளும். டிப்பர் ஏறும், இறங்காது. அந்த நிலையில் பெட்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. பெட்டிக்குப் பலமான முட்டுக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

கழற்றும்போது செய்ய வேண்டியது

மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட மலிவானது, கழற்றும் நேரத்தில் காட்டும் கவனம். கருவியைத் தரையில் உட்கார வையுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸ் இன்னும் மாட்டியிருக்கும்போதே லிவரை இரு பக்கமும் தள்ளுங்கள். ஃப்ளோட் நிலை இருந்தால் அதில் விடுங்கள். பிறகு கழற்றி, நுனியைத் துடைத்து, மூடி போட்டு, ஹோஸை மண்ணில் விடாமல் கொக்கியில் மாட்டி நிழலில் வையுங்கள். எந்த ஹோஸ் எந்தக் கப்ளருக்கு என்று நிற டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

டிராக்டரை ஓட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தால் இந்த வரிசையை அவருக்கு ஒருமுறை நேரில் செய்து காட்டுங்கள். அவர் இதைப் பழகிய பிறகும் தொல்லை தொடர்ந்தால்தான் புதுக் கப்ளருக்குப் பணம் செலவிடுவது நியாயம்.