இறக்குமதிப் பச்சோந்திகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உலகில் இதுவரை அறிவியலார் பெயரிட்டுள்ள பச்சோந்தி இனங்கள் இருநூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன, எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கு உரியவை. காட்டில் பிடிக்கப்பட்டு ஐரோப்பிய, அமெரிக்கச் செல்லப்பிராணிச் சந்தைகளுக்கு அனுப்பப்படும் இவ்விலங்குகளைப் பற்றி வாங்குவோரிடையே பல நம்பிக்கைகள் வழங்கிவருகின்றன. அவற்றுள் சில அறியாமையால் விளைந்தவை. சில, விற்பனைக்கு உதவுவதாலேயே திருத்தப்படாமல் இருப்பவை.

புதிதாக வந்த பச்சோந்தி கூண்டில் அசையாமல் அமர்ந்திருந்தால் அது இடத்துக்குப் பழகிவிட்டது என்று கருதப்படுவது இவற்றுள் மிகவும் கேடானது. பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினமாகிய பச்சோந்தி, நோயையும் நலிவையும் இயன்றவரை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. பகலில் கண்களை மூடியபடி கிளையைப் பற்றியிருக்கும் ஒன்று ஓய்வெடுப்பதில்லை, பெரும்பாலும் செயலிழந்து வருகிறது. காட்டில் பிடிப்பவர், இடைத்தரகர், ஏற்றுமதியாளர், மொத்த வணிகர் எனப் பல கைகள் மாறி, துணிப்பைகளிலும் பெட்டிகளிலும் அடைபட்டு, போதிய நீரின்றி வந்து சேரும் விலங்கின் உடலில் அச்சமும் நெருக்கடியும் தூண்டும் ஹார்மோன்கள் நீண்ட நாட்களாகச் சுரந்திருக்கும். அவை நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைப்பதால், காட்டில் தீங்கின்றி உடலுக்குள் இருந்துவந்த உருளைப்புழுக்களும் காக்சிடியா எனப்படும் ஒருசெல் ஒட்டுண்ணிகளும் பெருகிவிடுகின்றன.

ஆகவே, வந்த நாளிலேயே புழுநீக்க மருந்து கொடுத்துவிட்டால் போதும் என்பதும் தவறே. நீரிழந்த உடலுக்குத் தரப்படும் மருந்து, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் வருத்தும். முதலில் நீர், பிறகு எச்சத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தறிதல், அதன்பின் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் எடைக்கேற்ப வகுக்கும் மருந்து என்பதே முறை. நீரிழப்பைக் கண்டறிய எச்சமே உதவும்: அதில் வெண்மையாக இருக்க வேண்டிய யூரிக் அமிலப் பகுதி ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தாலோ, கூம்பு வடிவக் கண்கள் குழிக்குள் இறங்கியிருந்தாலோ, விலங்கு பல நாட்களாக நீர் குடித்திருக்காது. கூண்டில் கிண்ணம் நிறைய நீர் வைத்திருந்தும் இப்படி நேர்வது ஏனென்று புதியவர்கள் திகைப்பதுண்டு. தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் நீரென்றே அறிவதில்லை. இலைகளின் மேல் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகியவை அவை. எனவே இலையடர்ந்த கூண்டில் காலையும் மாலையும் நீண்ட நேரம் நுண்தூவல் தருவதும், மேலிருந்து நீர் சொட்டச் செய்வதும் அவற்றின் உயிர்நாடி. அவ்விலைகளே மறைவிடமாகவும் அமைவதால், விலங்கு தன்னை எவரும் காணாத இடத்தில் சில வாரங்களேனும் இருக்க முடிகிறது. இந்நாட்களில் அதைக் கையில் எடுப்பதும், மற்றொரு பச்சோந்தியின் பார்வையில் வைப்பதும் அறவே கூடா.

ஆப்பிரிக்கா வெப்ப நாடு, ஆகவே பச்சோந்திக்கு வெப்பம் வேண்டும் என்ற எண்ணமும் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. கேமரூன் மலைகளைச் சேர்ந்த நாற்கொம்புப் பச்சோந்தியும் தான்சானியாவின் உசம்பாரா மலைக்காட்டு இனங்களும் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. விளக்கின் சூட்டில் இரவும் பகலும் வைக்கப்படும்போது அவை வேகமாக நலிகின்றன. அவற்றுக்குத் தேவையானது, பகலில் விருப்பப்படி அணுகி விலகக்கூடிய ஓரளவு வெப்பமும், தோலில் வைட்டமின் டி3 உருவாக உதவும் புறஊதா பி கதிரும், இரவில் நன்கு தணியும் குளிருமே. அக்கதிரின்றி உணவிலுள்ள கால்சியம் எலும்பில் சேராமல் கால்கள் வளைந்துபோகும்.

சூழலின் நிறத்துக்கு ஏற்பப் பச்சோந்தி நிறம் மாறுகிறது என்ற பரவலான நம்பிக்கையும் பராமரிப்பில் பிழையை விளைவிக்கிறது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், ஆண் விலங்கு கிளர்ச்சியுறும்போது அவற்றின் இடைவெளி விரிந்து பச்சை நிறம் மஞ்சளை நோக்கி மாறுவதையும் காட்டியது. நிறமாற்றத்தில் மனநிலை, உடல்வெப்பம், இணைத்தேடல் ஆகியவையே பெரும்பங்கு கொள்கின்றன. வெயில் காயும்போது கருமையடைவது இயல்பானதே, ஆனால் வெப்பத்தில் இருந்தும் நாளெல்லாம் கருத்தே இருக்கும் விலங்கைக் கண்டு பின்னணிக்கு ஏற்ப மாறியிருக்கிறது என்று ஆறுதல் கொள்வது அதன் முறையீட்டைக் கேளாமல் விடுவதாகும்.

இனி, பராமரிப்பைக் காட்டிலும் கடினமான கேள்வி. அனுமதித்தாள் இருப்பதால் இறக்குமதி தீங்கற்றது என்று வணிகர் கூறுவது வழக்கம். அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும், 1975 இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பெரும்பாலான பச்சோந்திகள் உள்ளன. அப்பட்டியல் வணிகத்தைத் தடைசெய்வதில்லை; ஏற்றுமதியால் அவ்வினத்தின் இருப்புக்கு ஊறு நேராது என்று ஏற்றுமதி நாடு தீர்மானித்திருக்க வேண்டும் என்று மட்டுமே கோருகிறது. காட்டில் எத்தனை விலங்குகள் உள்ளன என்ற கணக்கே பல இனங்களுக்கு இல்லாத நிலையில் அத்தீர்மானத்துக்கு உறுதியான அடிப்படை கிடைப்பதில்லை. மடகாஸ்கரின் கலும்மா, ஃபர்சிஃபர் பேரினங்களில் நான்கு இனங்கள் நீங்கலாக மற்றவற்றின் வணிகத்தை நிறுத்திவைக்க 1995 இல் பரிந்துரைக்கப்பட்டதே இக்குறையைக் காட்டும். தான்சானியாவிலிருந்து கின்யோங்கியா ஃபிஷெரி என்ற ஒரே பெயரில் ஏற்றுமதியானவை, வெவ்வேறு மலைகளுக்கே உரிய தனித்தனி இனங்கள் என்று 2008 இல் வெளியான ஆய்வு பிரித்துக் காட்டியது. அதுவரை எந்த மலையிலிருந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை ஒரு பெயரிட்ட தாள் எப்படிச் சொல்லும்? தான்சானியா 2016 இல் உயிருள்ள காட்டு விலங்குகளின் ஏற்றுமதியையே தடைசெய்தது.

‘வளர்ப்பில் பிறந்தது’ என்ற சொல்லும் முழு உறுதி அளிப்பதன்று. காட்டில் சினையுடன் பிடிக்கப்பட்ட பெண் பச்சோந்தி கூண்டில் இடும் முட்டைகளிலிருந்து வெளிவரும் குஞ்சுகளும் அப்பெயரிலேயே விற்கப்படலாம். சைட்டிஸ் ஆவணங்கள் இவ்வேறுபாட்டைப் பேணவே வளர்ப்பில் முறையாக இனம்பெருக்கியதற்கு ‘சி’ என்றும், வளர்ப்பில் பிறந்தும் அத்தகுதியை எட்டாததற்கு ‘எஃப்’ என்றும் தனிக்குறியீடுகள் இடுகின்றன. வாங்குவோர் கேட்க வேண்டியது குஞ்சின் பிறப்பிடத்தை மட்டுமன்று, அதன் பெற்றோரின் பிறப்பிடத்தையும்தான்.

அரிய இனங்களை வீட்டில் வளர்ப்பதே அவற்றைக் காக்கும் வழி என்று வாதிடுவோர், காடழிவே பெரிய ஆபத்து என்கின்றனர், அது மெய்யே. 2010 இல் பெயரிடப்பட்ட கலும்மா டார்சான் போன்றவை கிழக்கு மடகாஸ்கரின் சிறு காட்டுத் துண்டுகளில் எஞ்சியிருப்பது, காட்டை எரித்துப் பயிரிடும் ‘தாவி’ வேளாண்மையின் விளைவே. ஆயினும் அத்தகைய துண்டுகளில் வாழும் சிறு தொகை, சில வளர்ந்த விலங்குகளின் இழப்பைக்கூடத் தாங்காது. பிடிபட்ட ஊர் தெரியாமல் கலந்து பெருக்கப்படும் விலங்குகள் காட்டுக்குத் திரும்பத் தகுதியற்றவை. நோயுற்றதை இரக்கத்தால் வாங்குவதும் விற்றவருக்கு அந்த இடத்தை நிரப்பப் பணம் தருவதாகவே முடிகிறது.

வளர்க்க இயலாதபோது விட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கு ஹவாய்த் தீவுகள் விடையளிக்கின்றன. 1972 இல் கென்யாவிலிருந்து ஓஹூ தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள், நெடும்பயணத்தால் நலிந்திருந்தமையால் தேறட்டும் என்று ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து பரவிப் பெருகிய அவற்றின் சந்ததிகள், வேறெங்கும் இல்லாத ஹவாய் நத்தைகளையும் பூச்சிகளையும் உண்கின்றன.