வேதபாடம்: "பிரைஸ் த லார்ட்" – அந்த லார்ட் யார்?

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாம் ஒருவருக்கொருவர் சொல்லுகிற வார்த்தை "பிரைஸ் த லார்ட்". பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் அதே, போனை எடுத்தாலும் அதே. இங்கிலீஷில் ஒரு எழுத்துகூட தெரியாத பாட்டியம்மாவும் தப்பில்லாமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 'லார்ட்' என்கிற வார்த்தைக்குள்ளே என்ன இருக்கிறது? இந்த மாதம் அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

நம் திண்டுக்கல்லுக்கு இந்த வார்த்தை வேதப்புஸ்தகத்தோடு வரவில்லை, பீரங்கியோடு வந்தது. மலைக்கோட்டையை அண்ணாந்து பாருங்கள். 1605-இல் அதைக் கட்டினவர் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்பர். அந்த நாயக்க மன்னர்களைப் பழைய சரித்திரச் சுவடிகள் எப்படிச் சொல்லுகின்றன தெரியுமா? 'கர்த்தாக்கள்' என்று! பிறகு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அந்தக் கோட்டையை வைத்திருந்தார்கள். 1790-இல் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வாங்கிக்கொண்ட கவர்னர் ஜெனரலின் பெயர் லார்ட் காரன்வாலிஸ். ஆக, ஒரே பாறையின்மேல் முதலில் கர்த்தாக்கள், கடைசியில் லார்ட்!

அதனால்தான் நம் ஜனங்களுக்கு 'லார்ட்' என்றாலே அதிகாரம், குதிரை, வரி. இன்றைக்கும் ஒருத்தன் அலட்டிக்கொண்டால் "பெரிய லார்டு லபக்குதாஸ்" என்று கேலி பண்ணுகிறோம். கோர்ட்டில் ஜட்ஜை "மை லார்ட்" என்று அழைக்கிற வழக்கமும் அந்த நாட்களின் மிச்சம்தான். 2006-லேயே இந்திய பார் கவுன்சில் அதை மாற்றிக்கொள்ளச் சொன்னது. வக்கீல்மார் நாக்கு அவ்வளவு சீக்கிரம் விடுகிறதா என்ன?

ஆனால் தேவபிள்ளைகளே, அந்த வார்த்தை பிறந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள், அங்கே பீரங்கி இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்ட்'. 'ஹ்லாஃப்' என்றால் அப்பம். இன்றைக்கு ரொட்டியை 'லோஃப்' என்கிறார்களே, அதுதான். 'வேர்ட்' என்றால் காவல்காரர். ஹாஸ்டல் 'வார்டன்' என்கிறோமே, அதே வேர். அப்பத்தைக் காத்து வைத்துக் கொடுக்கிறவர்! அது வாயில் தேய்ந்து 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, மேலும் தேய்ந்து 'லார்ட்' ஆயிற்று. அந்த வீட்டு வேலைக்காரனுக்குப் பெயர் 'ஹ்லாஃப்-ஏட்டா', அதாவது அப்பம் சாப்பிடுகிறவன். 'லேடி' என்ற சொல்லும் அப்படித்தான். மாவு பிசைகிறவள் என்று அர்த்தம். (சகோதரிகள் சிரிப்பது கேட்கிறது!)

இதற்குத் தமிழில் புது வார்த்தை தேடவேண்டாம். நம் தாத்தாமார் சொன்னது: "படியளக்கிறவர்". சாயங்காலம் களத்துமேட்டில் படியால் சோளமோ நெல்லோ அளந்து கூலி கொடுத்த காலம் அது. யார் அளந்தாரோ அவரே எஜமான். தஞ்சாவூர்ப் பக்கம் அவரை "ஆண்டே" என்றார்கள். நம்ம பக்கம் "சாமி". சமஸ்கிருதத்தில் 'ஸ்வாமி' என்றாலும் உடையவன் என்றுதான் பொருள். அந்தச் சாமி முன்னால் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவர்கள் நம்மில் பலருடைய தகப்பன்மார். அளந்த படி குறைந்திருந்தாலும் வாயைத் திறக்கமுடியாது. அப்பத்தைக் காக்கிறவன் என்ற பெயர், அப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுகிறவன் என்று மாறிவிட்டது.

இப்பொழுது வேதத்துக்கு வருவோம். எபிரெயர் தேவனுடைய நாமத்தை வாயால் உச்சரிக்கப் பயந்து, அந்த இடத்தில் 'அதோனாய்' என்று வாசித்தார்கள். கிரேக்கத்தில் அது 'கூரியோஸ்' ஆயிற்று. மேலான அதிகாரம் உடையவர் என்று பொருள். லத்தீனில் 'தோமினுஸ்', வீட்டு எஜமான். (1947 முதல் 1950 ஜனவரி வரை நம் தேசம் 'டொமினியன்' என்று அழைக்கப்பட்டதே, அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்.) ஆங்கில வேதாகமத்தில் 'லார்ட்' என்று முழுவதும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அது அந்தப் பரிசுத்த நாமம் என்று அடையாளம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! அதனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் 'கர்த்தர்' என்றும் 'ஆண்டவர்' என்றும் இரண்டு சொல்லை வைத்துக்கொண்டார்கள். சங்கீதம் 110:1-இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதைப் பாருங்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஆண்டவர்' என்றே எழுதுகிறது. கர்த்தர் என்றால் செய்கிறவர். ஆண்டவர் என்றால் ஆளுகிறவர். இதில் சண்டைபோட ஒன்றுமில்லை.

உயிரைக் கேட்டது வேறே சண்டை. ரோமாபுரி இராயனையும் ஜனங்கள் 'கூரியோஸ்' என்றே அழைத்தார்கள். அப்போஸ்தலர் 25:26-இல் பெஸ்து நீரோ இராயனை அப்படித்தான் சொல்லுகிறான். ஏறக்குறைய கி.பி. 155-இல், இன்றைய துருக்கியிலுள்ள சிமிர்னா பட்டணத்தில், கிழவரான பாலிகார்ப் என்ற சபைக் கண்காணியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டியில் உட்காரவைத்து, "இராயன்தான் கர்த்தர் என்று சொல்லிவிட்டுப் போங்களேன், அதில் என்ன கெட்டுப்போகிறது?" என்கிற மாதிரி நயமாகவே பேசிப்பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தைதான். அவர் அதைச் சொல்லவில்லை. 86 வருஷம் சேவித்த எஜமானை விட மறுத்தார். நெருப்பில் போட்டார்கள்.

'கூரியோஸ்' என்ற சொல்லிலிருந்து ஒரு வினைச்சொல்லும் உண்டு: மேலேறி அடக்கி ஆளுதல். மாற்கு 10:42-இல் புறஜாதி அதிகாரிகள் செய்வது அது. 1 பேதுரு 5:3-இல் மூப்பர்கள் செய்யக்கூடாதது அதே சொல். ஊழியக்காரர்களாகிய நாங்களும் இதை இரண்டு தரம் வாசிக்கவேண்டும்.

இன்னொன்று. 'சர்ச்' என்ற சொல்லே கிரேக்க 'கூரியகோன்', கர்த்தருக்குரியது என்பதிலிருந்து வந்தது. 1 கொரிந்தியர் 11:20-இல் கர்த்தருடைய பந்திக்குப் பவுல் போடுகிற அடைமொழியும் அதே சொல்தான். கொரிந்துவில் என்ன நடந்தது? வசதியுள்ளவன் முந்தி வந்து வயிறாரச் சாப்பிட்டான். வேலை முடிந்து வந்தவன் பசியோடே நின்றான். இது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் சொல்லிவிட்டார். தோட்டத்துக்காரரும் அதே தோட்டத்தில் களையெடுக்கிறவரும் நம் சபையில் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அப்பத்தட்டு வரும்போது எந்த வரிசையில் முதலில் போகிறது, அன்பின் விருந்தில் யாருக்கு இலை, யாருக்கு மிச்சம் என்று பாருங்க. அந்த இடத்தில் அப்பத்தைக் காக்கிறவர் ஒருவரே. தோட்டத்துக்காரரும் ஹ்லாஃப்-ஏட்டாதான்.

அடுத்த வேதபாடத்துக்கு முன்பு 1 கொரிந்தியர் 11:17 முதல் 34 வரை வீட்டில் சத்தமாய் வாசித்து, 'கர்த்தர்' என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.