மூலையில் கிடக்கும் டெஸ்க்டாப்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்க ஆசை. கோர்ஸில் சேர்ந்தால்தான் முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சேரலாம். அதற்கு முன், யாரும் தொடாமல் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். எந்தக் கேபிள் எங்கே இருந்தது என்பதை முதலிலேயே செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

திரையில் ஒன்றுமே வரவில்லையா? நினைவக அட்டையான ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டிப் பாருங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி தப்பாக வருகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். இதற்கெல்லாம் கடையில் கேட்கும் கூலி தெரிந்தால் உங்கள் ஆசை இன்னும் கூடும்!

ஆமை வேகக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்கு பிராசஸர் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. ராமில் கவனம் தேவை: டிடிஆர்3க்கு 240 பின், டிடிஆர்4க்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு ராம் வாங்கப் போனால் பழைய ராமைக் கையோடு கொண்டுபோங்கள்.