சாவி கோயில்பிள்ளையிடம்

தென்கோடி மாவட்டங்களில் பழைய மாதாகோயில்களையும் சி.எஸ்.ஐ. ஆலயங்களையும் பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் கோயில்பிள்ளையைத் தேடிக்கொள்ள வேண்டும். காலைப் பூசை முடிந்ததும் பல ஊர்களில் கதவைச் சாத்திவிடுவார்கள். சாவி அவரிடம் இருக்கும். அவர் எங்கே இருப்பார் என்பது டீக்கடைக்குத் தெரியும்.

திருச்செந்தூரில் அறை எடுத்துத் தங்கினால் முதல் நாள் மணப்பாட்டுக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் போய்வரலாம். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் கடலுக்குள் நீளும் மணல் மேட்டில் நிற்கிறது. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை மேட்டின் சரிவில் கடலைப் பார்த்திருக்கிறது. செப்டம்பர் 14 திருவிழா. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம். வெயில் ஏறிவிட்டால் மணல் காலைச் சுடும். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

மெஞ்ஞானபுரம் தேரிக்காட்டு ஊர். பனைகளுக்கு மேலே கூர்க்கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். உயரம் 192 அடி. முந்தைய கோயில் 1845 புயலில் விழ, வேல்ஸ்காரரான ஜான் தாமஸ் ஐயர் 1847-இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1870-இல் இறந்தவரை இந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். இந்தப் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கொரு முறை அசனம் உண்டு. பெரிய பெரிய வட்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் கொதிக்கும். வெளியூர்க்காரர் என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம்.

மறுநாள் முழுவதையும் வடக்கன்குளத்துக்கே கொடுக்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தில், காவல்கிணறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்குள்ள திருக்குடும்பக் கோயில் 1872-இல் எழுந்தது. காற்சட்டையின் இரு கால்கள் இடுப்பில் சேர்வதுபோல, இரண்டு நீண்ட கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேர்கின்றன. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு என்று சாதி பார்த்துப் போட்ட திட்டம் அது. ஒரு கூடத்தின் நடுவில் நின்று பாருங்கள்: பீடம் தெரியும், அடுத்த கூடத்தில் முழங்காலிட்டிருப்பவர் தெரிய மாட்டார். பீடத்தருகே வந்தால்தான் இரண்டும் ஒருசேரக் கண்ணில் படும். அன்றைக்கு அந்தக் காட்சி குருவானவருக்கு மட்டுமே வாய்த்தது. 1910-இல், கவுசானல் அடிகள் பங்குத்தந்தையாக இருந்தபோது, இரு சாதிகளையும் பிரித்த தடுப்பை இடித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. கட்டடத்தின் வடிவம் மட்டும் மாறவில்லை. சாதியைச் செங்கல்லில் இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

உள்ளே நுழையும்போது செருப்பை வாசலிலேயே விடுங்கள். கிராதியைத் தாண்டிப் பீடத்தில் ஏற வேண்டாம். பூசை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். முடிந்ததும் கேட்டால் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள். பேச்சுக்கு ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை கலையும் நேரம் தோது. உள்ளே கேட்காத கதை எல்லாம் முற்றத்து நிழலில் கிடைக்கும்.

தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றதும் வடக்கன்குளத்தில்தான். 2022-இல் அவர் புனிதரானார். 1752-இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்ட காற்றாடிமலை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிறது. மாலையில் அங்கே போகலாம். ஆடி மாதமென்றால் குடையை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். அந்தக் காற்றுக்கு அது நிற்காது.